ஓஎல்இடி திரையில் சீரான ஒளி: பிக்சல் சுற்றை வடிவமைக்கும் முழுமையான வழிகாட்டி

இருட்டறையில் உட்கார்ந்து கைப்பேசியின் ஒளியை அடிமட்டம் வரை இறக்குங்கள். திரை முழுவதையும் நிரப்பும் ஒரே சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறங்கள். 255-க்கு 25 என்ற அளவுள்ள சாம்பல் போதும். கண் இருட்டுக்குப் பழகட்டும். பகலில் வழவழவென்று தெரிந்த திரையில் மெல்லிய திட்டுகளும் நூல்போன்ற கோடுகளும் ஓரத்தில் லேசான பச்சைச் சாயலும் தெரியக்கூடும். திரைத் தொழிலில் இருப்பவர்கள் இதை ஜப்பானியச் சொல்லால் 'முரா' என்பார்கள்.

அதே திரையில் முழு வெள்ளையைப் போட்டால் முரா ஏறத்தாழ மறைந்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவதும் அதைச் சுற்றித்தான்: பிக்சல் சுற்றை உச்ச ஒளியிலிருந்து கீழ்நோக்கி வடிவமைக்காதீர்கள், இருண்ட சாம்பலிலிருந்து மேல்நோக்கி வடிவமையுங்கள். நான் முதலில் வரைந்த 7 டிரான்சிஸ்டர் சுற்று 255-ஆம் நிலையில் 1 சதவீதப் பிழைக்குள் நின்றது. 16-ஆம் நிலையில் ஓட்டிப் பார்த்தபோது அது கைவிட்டது. சுற்றின் வரைபடத்தில் தவறே இல்லை. தவறு நான் சோதித்த இடத்தில் இருந்தது.

எடுத்துக்காட்டு ஒன்றைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்வோம். 6.1 அங்குலக் கைப்பேசித் திரை, 2532 வரிசை, 1170 நிரல், அங்குலத்துக்கு 460 பிக்சல். பின்தளம் (பிக்சல் டிரான்சிஸ்டர்கள் அமரும் அடுக்கு) எல்டிபிஎஸ், அதாவது லேசரால் உருக்கிப் படிகமாக்கிய பாலிசிலிக்கான். கீழே வரும் எண்கள் இந்தத் திரைக்கு நான் போட்ட கணக்குகள். உங்கள் ஆலையின் எண்களை அந்தந்த இடத்தில் வைத்து மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கலின் வேர்

எல்சிடியில் பிக்சலுக்குத் தேவை ஒரு மின்னழுத்தம் மட்டுமே. ஓஎல்இடி மின்னோட்டத்தைக் கேட்கும். எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் ஒளி வரும். 1987-இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் இரண்டடுக்கு ஓஎல்இடியைக் காட்டிய நாளிலிருந்து இது மாறவில்லை. ஆகவே ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரு மின்னோட்ட மூலம் வேண்டும். லட்சக்கணக்கான மூலங்கள், எல்லாம் ஒன்றுபோல் நடக்க வேண்டும்.

மிக எளிய சுற்றில் இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் இருக்கும். ஸ்விட்ச் டிரான்சிஸ்டர் தரவு மின்னழுத்தத்தை மின்தேக்கியில் ஏற்றிவிட்டு அணையும். டிரைவ் டிரான்சிஸ்டர் அந்த மின்னழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றி அடுத்த பிரேம் வரை ஓஎல்இடிக்கு ஊட்டும். இந்த மாற்றத்தில்தான் சிக்கல். டிரான்சிஸ்டரில் சோர்ஸ், டிரெயின் என்ற முனைகளுக்கிடையே சேனல் வழியாக மின்னோட்டம் ஓடும், கேட் என்ற முனையின் மின்னழுத்தம் அதைக் கட்டுப்படுத்தும். மின்னோட்டம் என்பது மொபிலிட்டி (மின்துகள்கள் சேனலில் எவ்வளவு எளிதாக நகரும் என்ற அளவு), கேட் கொள்ளளவு, அகல-நீள விகிதம், மிகை மின்னழுத்தத்தின் வர்க்கம் நான்கின் பெருக்கலில் பாதி. மிகை மின்னழுத்தம் என்று நான் சொல்வது, கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையிலான மின்னழுத்தத்தில் த்ரெஷோல்டை, அதாவது டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் மின்னழுத்தத்தை, கழித்தபின் மிஞ்சுவது.

அந்த த்ரெஷோல்டு பிக்சலுக்குப் பிக்சல் மாறும். எல்டிபிஎஸ் பின்தளத்தில் 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரின் கோடுபோன்ற கற்றை, மெல்லிய சிலிக்கான் படலத்தின்மேல் துடிப்பு துடிப்பாக நகர்ந்து அதை உருக்கி மறுபடி படிகமாக்கும். படிக மணிகளின் எல்லைகள் எங்கே விழும் என்பது யார் கையிலும் இல்லை. ஒரு துடிப்பு சற்றே வலுத்தாலும் அந்த வரி முழுவதும் குணம் மாறும். தறியில் ஒரு பாவு நூல் தடித்துப்போனால் சேலை நெடுக ஒரு கோடு ஓடுமே, அதே கதைதான். மேலே சொன்ன நூல்போன்ற கோடுகளில் பல இப்படி வந்தவை.

படி 1: மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள்

பிக்சலின் பக்கம் 55.2 மைக்ரோமீட்டர், பரப்பு 3.05 ஆயிரம் சதுர மைக்ரோமீட்டர். வெள்ளையில் சதுர மீட்டருக்கு 500 கேண்டெலா வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதில் பச்சையின் பங்கு சுமார் 70 சதவீதம், அதாவது 350. வெளிவெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புவதை அடக்கும் வட்ட முனைவாக்கிப் படலம் பாதிக்கு மேல் ஒளியை விழுங்கியபின் பச்சையின் திறன் ஆம்பியருக்கு 45 கேண்டெலா என்று எடுத்தால், பச்சைத் துணைப்பிக்சலுக்கு (பிக்சலுக்குள் ஒரு நிறம் மட்டும் ஒளிரும் பகுதி) உச்சத்தில் 24 நானோஆம்பியர் தேவைப்படும்.

இனி இருட்டுக்கு வாருங்கள். காமா, அதாவது சாம்பல் நிலையை ஒளியாக மாற்றும் அடுக்கு, 2.2 என்றால் 32-ஆம் சாம்பல் நிலைக்கு உச்சத்தில் 1 சதவீதமே போதும், அதாவது 0.25 நானோஆம்பியர். இந்த இரண்டு எண்களையும் தாளின் மேல்பகுதியில் எழுதி வையுங்கள். இனி எந்த முடிவெடுத்தாலும் இரண்டிலும் சரிபார்க்க வேண்டும்.

படி 2: டிரைவ் டிரான்சிஸ்டரின் அளவை முடிவுசெய்யுங்கள்

மொபிலிட்டி 80 சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-வினாடி, கேட் ஆக்சைடு 120 நானோமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். மிகை மின்னழுத்தம் 1 வோல்ட் இருந்தால் த்ரெஷோல்டுப் பிழைகள் ஓரளவு அடங்கும். ஆனால் 24 நானோஆம்பியருக்கு அந்த 1 வோல்ட்டைக் கொண்டுவர, 3 மைக்ரோமீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 145 மைக்ரோமீட்டர் நீளச் சேனல் வேண்டும். 55 மைக்ரோமீட்டர் பிக்சலில், அதுவும் இரண்டு துணைப்பிக்சல் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில், இது நடக்காது.

நடைமுறையில் 30 மைக்ரோமீட்டர் நீளத்தைப் பாம்புபோல் வளைத்து வைக்கலாம். கைப்பேசித் திரைகளின் நுண்ணோக்கிப் படங்களில் டிரைவ் டிரான்சிஸ்டரின் சேனல் வளைந்து நெளிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். 3-க்கு 30 என்றால் உச்சத்தில் மிகை மின்னழுத்தம் 0.45 வோல்ட் கிடைக்கும். நீளச் சேனலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: மணி எல்லைகள் பல அதற்குள் விழுவதால் ஒன்றின் குறை இன்னொன்றோடு கலந்து சராசரியாகும். இடம் இருக்கும்வரை நீளத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

0.45 வோல்ட்டில் த்ரெஷோல்டு 0.1 வோல்ட் குறைந்தால் மின்னோட்டம் 49 சதவீதம் கூடும். அதே அளவு கூடினால் 40 சதவீதம் குறையும். இரண்டு டிரான்சிஸ்டர் சுற்று கைப்பேசித் திரைக்கு உதவாது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

32-ஆம் நிலையில் நிலைமை இன்னும் மோசம். 0.25 நானோஆம்பியரில் டிரான்சிஸ்டர் த்ரெஷோல்டின் விளிம்பில் நிற்கிறது. அங்கே வர்க்க விதி செல்லாது, மின்னோட்டம் அடுக்குக்குறியாக ஏறும். பத்து மடங்கு மாற 0.25 வோல்ட் போதும் என்ற டிரான்சிஸ்டரில் 0.1 வோல்ட் பிழை மின்னோட்டத்தை 2.5 மடங்காக்கிவிடும்.

படி 3: மில்லிவோல்ட்டில் வரவுசெலவு போடுங்கள்

பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கிடையே 1 அல்லது 2 சதவீத வேறுபாட்டையே கண் பிடித்துவிடும். திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக மாறுவதைக் கண் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆகவே குறுகிய தூரத்துக்கும் நீண்ட தூரத்துக்கும் தனித்தனி வரம்பு வையுங்கள். குறுகிய தூரத்துக்கு 2 சதவீதம் என்று வைத்தால், உச்ச ஒளியில் கேட்டில் 4.5 மில்லிவோல்ட் வரை பிழை வரலாம். 32-ஆம் நிலையில் 2 மில்லிவோல்ட்தான். அதற்குக் கீழே அடுக்குக்குறிப் பகுதியில் அதே 2 மில்லிவோல்ட் அப்படியே தொடரும்.

இந்த 2 மில்லிவோல்ட்தான் உங்கள் மொத்தக் கையிருப்பு. த்ரெஷோல்டை ஈடுசெய்ததில் மிஞ்சும் பிழை, கசிவு, பக்கத்துக் கம்பிகளின் தொற்றல் (அவற்றின் மின்னழுத்த மாற்றம் கொள்ளளவு வழியே கேட்டை அசைப்பது), மின்வழங்கல் வீழ்ச்சியின் குறுந்தூர வேறுபாடு எல்லாம் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். 70 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கியின் வெப்ப இரைச்சல் மட்டுமே சுமார் 0.25 மில்லிவோல்ட் வரும். மின்தேக்கியைச் சுருக்கி இடம் சேமிக்க ஆசை வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: சுற்றைத் தேர்ந்தெடுங்கள்

மின்னோட்டத்தையே நேரடியாகத் தரவாக அனுப்பிவிட்டால் த்ரெஷோல்டு, மொபிலிட்டி இரண்டும் ஒரேயடியாகத் தீருமே என்று பலரும் முதலில் நினைப்பார்கள். கொள்கையில் அது சரி. ஆனால் தரவுக் கம்பியின் கொள்ளளவு 20 பிக்கோஃபாரட் என்றால் 0.25 நானோஆம்பியரால் அதை 1 வோல்ட் நகர்த்த 80 மில்லிவினாடி ஆகும். 60 ஹெர்ட்ஸில் ஒரு வரிசைக்குக் கிடைப்பது 6.6 மைக்ரோவினாடி. பத்தாயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி, பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே மின்னழுத்தத்தை அனுப்பி, பிக்சலே தன் த்ரெஷோல்டை அளந்து சேர்த்துக்கொள்ளும் வழிதான் மிச்சம். 1998-இல் அமெரிக்காவின் சார்னாஃப் ஆய்வகக் குழு நான்கு டிரான்சிஸ்டர் கொண்ட அத்தகைய சுற்றை வெளியிட்டது. இன்றைய கைப்பேசிகளில் பரவலாக உள்ளது 7 டிரான்சிஸ்டர், 1 மின்தேக்கிச் சுற்று. அதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

எல்லாம் பி-வகை டிரான்சிஸ்டர்கள், அதாவது கேட் மின்னழுத்தம் தாழும்போது கடத்துபவை. டி1 டிரைவ். டி2, தரவுக் கம்பியை டி1-இன் சோர்ஸோடு சேர்க்கும். டி3, டி1-இன் கேட்டையும் டிரெயினையும் இணைக்கும். டி4, கேட்டைத் தொடக்க மின்னழுத்தத்துக்கு இழுக்கும். டி5, மின்வழங்கலை டி1-இன் சோர்ஸுக்குக் கொடுக்கும். டி6, டி1-இன் டிரெயினை ஓஎல்இடிக்குக் கொடுக்கும். டி7, ஓஎல்இடியின் ஆனோடைத் துடைத்துச் சுத்தம் செய்யும். மின்தேக்கி கேட்டுக்கும் மின்வழங்கலுக்கும் நடுவில் இருக்கும்.

முதல் கட்டத்தில் முந்தைய வரிசையின் ஸ்கேன் சைகை (வரிசையைத் தேர்ந்தெடுக்கும் துடிப்பு) வரும்போது டி4 கடத்தி, கேட்டைத் தாழ்ந்த மின்னழுத்தத்துக்குக் கொண்டுவரும். பழைய பிரேமின் நினைவு இங்கே அழியும்.

இரண்டாம் கட்டத்தில் இந்த வரிசையின் ஸ்கேன் வர, டி2-வும் டி3-வும் கடத்தும். தரவு டி2 வழியாக டி1-இன் சோர்ஸுக்கு வந்து, டி1-ஐக் கடந்து, டி3 வழியாகக் கேட்டில் போய்ச் சேரும். கேட் மின்னழுத்தம் ஏற ஏற டி1 தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். கேட், தரவைவிட ஒரு த்ரெஷோல்டு அளவு குறைந்த இடத்துக்கு வரும்போது மின்னோட்டம் நின்றுபோகும். எந்தக் கருவியும் அளக்காமல், ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் தன் த்ரெஷோல்டைத் தானே கேட்டில் எழுதிவைத்துவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத கட்டம் இது.

மூன்றாம் கட்டத்தில் டி5, டி6 கடத்தும், பிக்சல் ஒளிரும். சோர்ஸ் இப்போது மின்வழங்கலில் நிற்கிறது. கேட்-சோர்ஸ் வேறுபாட்டில் த்ரெஷோல்டு ஏற்கெனவே கூடியிருப்பதால், சமன்பாட்டில் கழியும்போது காணாமல் போகிறது. மிகை மின்னழுத்தம் மின்வழங்கலுக்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசமாக மட்டும் மிஞ்சுகிறது.

பாடநூல் விளக்கம் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். உண்மையான வேலை இதற்கப்புறம்தான்.

படி 5: மாதிரியெடுக்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

'மின்னோட்டம் நின்றுபோகும்' என்று சொன்னேன். அது நிற்பதே இல்லை, குறைந்துகொண்டே போகும். நேரம் முடிந்ததும் ஸ்கேன் அணைந்து, பாதி வழியில் வெட்டிவிடும். அப்போது கேட்டில் எழுதப்படாமல் விட்டுப்போன பகுதியை 'மிச்சம்' என்று அழைக்கலாம்.

நம் எடுத்துக்காட்டில் சேமிப்பு மின்தேக்கியும் கேட்டின் சொந்தக் கொள்ளளவும் சேர்ந்து 70 ஃபெம்டோஃபாரட், தொடக்க மிகை மின்னழுத்தம் 3 வோல்ட். வர்க்க விதிப்படி 6 மைக்ரோவினாடியில் மிச்சம் 98 மில்லிவோல்ட். 120 ஹெர்ட்ஸில் வரிசை நேரம் 3.3 மைக்ரோவினாடியாகக் குறைகிறது. அதில் 2.5 மைக்ரோவினாடிதான் மாதிரியெடுக்கக் கிடைக்கிறது என்றால் மிச்சம் 225 மில்லிவோல்ட்.

மிச்சம் இருப்பதே கெடுதல் அல்ல. எல்லாப் பிக்சலிலும் ஒரே அளவாக இருந்தால் தரவில் கழித்துவிடலாம். அது மொபிலிட்டியைப் பொறுத்து மாறுகிறது, அதுவும் நமக்குச் சாதகமான திசையில் மாறுகிறது. மொபிலிட்டி கூடிய பிக்சல் வேகமாக எழுதி முடிப்பதால் அதன் மிச்சம் குறையும், ஒளிரும்போது மிகை மின்னழுத்தமும் குறையும். மொபிலிட்டியால் கூடிய மின்னோட்டம் இப்படிக் கொஞ்சம் திரும்பக் கழிகிறது.

எவ்வளவு கழிகிறது? மொபிலிட்டி 5 சதவீதம் கூடுதல் என்று வையுங்கள். 2.5 மைக்ரோவினாடியில் மிச்சம் ஏறத்தாழ 10 மில்லிவோல்ட் குறைகிறது. உச்ச ஒளியில் இது 4.3 சதவீதத்தைக் கழிக்க, 1 சதவீதத்துக்கும் குறைவான பிழையே மிஞ்சும். அதே 10 மில்லிவோல்ட் இருண்ட நிலையில் 8 சதவீதத்துக்கு மேல் கழித்து, பிழையை எதிர்த்திசையில் தள்ளிவிடும். 6 மைக்ரோவினாடியில் நிலைமை தலைகீழ்: உச்சத்தில் 3 சதவீதம் மிஞ்சும், இருட்டில் 1 சதவீதத்துக்குள் அடங்கும்.

ஒரே சுற்று, ஒரே டிரான்சிஸ்டர்கள், நேரம் மட்டும் மாறியது. 120 ஹெர்ட்ஸுக்குத் தாவும்போது திரையின் சாம்பல் சாயல் மாறுவது இதனாலும்தான். 120 ஹெர்ட்ஸிலும் இருட்டு சரியாக வேண்டுமென்றால் மாதிரியெடுப்பதை ஒரு வரிசை நேரத்துக்குள் அடைக்காதீர்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிசைகளுக்குத் தனித்தனித் தரவுக் கம்பி ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிசை நேரம் கிடைக்கும். கம்பிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். என் கணிப்பில் கொடுக்கத் தகுந்த விலைதான்.

படி 6: கசிவைக் கட்டுப்படுத்துங்கள்

எழுதிய மின்னழுத்தம் பிரேம் முடியும்வரை அசையக் கூடாது. கேட்டிலிருந்து கசியும் வழிகள் டி3-யும் டி4-உம். 0.1 பிக்கோஆம்பியர் கசிவு 60 ஹெர்ட்ஸ் பிரேம் ஒன்றில் கேட்டை 24 மில்லிவோல்ட் நகர்த்தும். நம் கையிருப்போ 2 மில்லிவோல்ட். எல்லாப் பிக்சலும் ஒரே அளவாகக் கசிந்தால் அது மினுக்கலாகத் தெரியும், ஆளுக்கொரு அளவாகக் கசிந்தால் திட்டாகத் தெரியும்.

இரண்டு டிரான்சிஸ்டர்களையும் இரட்டைக் கேட்டாக, அதாவது ஒவ்வொன்றையும் தொடராக நிற்கும் இரண்டு கேட்டுகளோடு போடுங்கள். நடுக் கணு கேட் சைகையோடு சேர்ந்து ஆடும். அதை மின்வழங்கல் உலோகத்தால் மூடி நிலைப்படுத்த மறக்காதீர்கள். பலர் இந்த நடுக் கணுவை விட்டுவிட்டு, மினுக்கல் எங்கிருந்து வருகிறது என்று வாரக்கணக்கில் தேடுவார்கள்.

திரை 1 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டுமென்றால் எல்டிபிஎஸ் போதாது. 1 வினாடியில் 2 மில்லிவோல்ட்டுக்குள் நிற்க, கசிவு 0.14 ஃபெம்டோஆம்பியருக்குள் இருக்க வேண்டும். இண்டியம், காலியம், துத்தநாகம் சேர்ந்த ஆக்சைடு டிரான்சிஸ்டர்களால் இது முடியும். 2004-இல் ஜப்பானில் ஹிடியோ ஹோசோனோவின் குழு அறிவித்த பொருள் அது. டி3, டி4 இரண்டையும் ஆக்சைடிலும் மற்றவற்றை எல்டிபிஎஸிலும் செய்யும் கலப்புமுறைதான் எல்டிபிஓ. 2018-இல் ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 4 அதோடு வந்தது.

படி 7: லேயவுட்டில் மில்லிவோல்ட்டைக் காப்பாற்றுங்கள்

கேட் கணுவுக்கும் தரவுக் கம்பிக்கும் நடுவே வெறும் 0.05 ஃபெம்டோஃபாரட் கொள்ளளவு இருந்து, தரவு 3 வோல்ட் குதித்தால், கேட் 2 மில்லிவோல்ட் நகரும். மொத்தக் கையிருப்பும் அந்த ஒரே தொற்றலில் போய்விடும். கேட் கணுவை மின்வழங்கல் தகட்டின் அடியில் ஒளித்து வையுங்கள். கேட்டையும் டி3-யையும் இணைக்கும் உலோகத் துண்டு தரவுக் கம்பியோடு இணையாக ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டி3-யின் ஸ்கேன் அணையும்போது கேட் ஒரு உதை வாங்கும். 0.5 ஃபெம்டோஃபாரட், 14 வோல்ட் என்றால் 100 மில்லிவோல்ட். பொதுவான பகுதியைத் தரவில் கழித்துவிடலாம். ஆனால் தயாரிப்பில் அடுக்குகளின் வடிவத்தைப் பதிக்கும் மாஸ்க் சற்று விலகி அந்தக் கொள்ளளவு 10 சதவீதம் மாறினால் 10 மில்லிவோல்ட் வேறுபாடு மிஞ்சும். ஸ்கேன் கம்பி கேட் கணுவைக் கடக்கும் இடத்தை இருபுறமும் ஒத்த வடிவத்தில் வரைந்தால், விலகினாலும் ஒரு பக்கம் இழந்ததை மறுபக்கம் ஈடுசெய்யும்.

அடுத்தது மின்வழங்கல். நம் சுற்றில் த்ரெஷோல்டு போய்விட்டது, ஆனால் மின்வழங்கல் மின்னழுத்தம் சமன்பாட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முழு வெள்ளையில் இந்தத் திரை 200 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். கீழ்முனையிலிருந்து மேல்முனைக்குப் போவதற்குள் 50 மில்லிவோல்ட் வீழ்ந்தால் மேலே ஒளி 21 சதவீதம் குறையும். மெதுவான மாற்றம் என்பதால் கண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் மிகை மின்னழுத்தம் வெவ்வேறு என்பதால் குறைவதும் வெவ்வேறு அளவில். வெள்ளை நிறம் திரையின் உயரத்தோடு சாயல் மாறும். அதைக் கண் பொறுக்காது. வழங்கல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் இணையுங்கள், முடிந்தால் மேலும் கீழும் இரு முனைகளிலிருந்து ஊட்டுங்கள். இன்னும் வேண்டுமென்றால், இரண்டாவது மின்தேக்கி சேர்த்து, மின்னோட்டமே ஓடாத தனி ஒப்பீட்டுக் கம்பியோடு தரவை ஒப்பிடும் சுற்றுக்கு மாறலாம். இடம்தான் பிரச்சினை.

படி 8: ஆனோடையும் மங்கலையும் கவனியுங்கள்

ஓஎல்இடியே ஒரு மின்தேக்கி. நம் துணைப்பிக்சலில் ஏறத்தாழ 75 ஃபெம்டோஃபாரட். டி7 அதை ஒவ்வொரு பிரேமிலும் காலி செய்வதால்தான் கருப்பு கருப்பாக இருக்கிறது. இல்லையென்றால் கசிந்து வரும் மின்னோட்டம் சேர்ந்து மங்கலாக ஒளிரும். ஆனால் காலி செய்ததை மறுபடி நிரப்ப வேண்டுமே. 2 வோல்ட் நிரப்ப 0.25 நானோஆம்பியருக்கு 0.6 மில்லிவினாடி ஆகும். 16.7 மில்லிவினாடி பிரேமில் ஒளியின் 3.6 சதவீதம் அங்கே போகிறது. 2.5 பிக்கோஆம்பியர் என்றால் 60 மில்லிவினாடி, அதாவது பிரேமே முடிந்துவிடும், பிக்சல் ஒளிரவே ஒளிராது. இருண்ட காட்சிகளில் ஒரு நிறம் மட்டும் பின்தங்கிச் சாயலடிப்பது இதனால்தான். கேட்டுக்கு ஒன்று, ஆனோடுக்கு ஒன்று என்று தொடக்க மின்னழுத்தத்தைப் பிரியுங்கள். ஆனோடினுடையதை ஓஎல்இடி ஒளிரத் தொடங்கும் புள்ளிக்குச் சற்றுக் கீழே வையுங்கள், அதிகம் இறக்காதீர்கள்.

ஒட்டுமொத்த ஒளியைக் குறைக்க மின்னோட்டத்தைக் குறைத்தால் எல்லாப் பிக்சலும் பிழை பெருகும் இருண்ட பகுதிக்குள் இறங்கும். அதற்குப் பதில் டி5, டி6 இரண்டையும் பிரேமுக்கு நான்கு முறை அணைத்து ஏற்றினால், 60 ஹெர்ட்ஸில் 240 முறை, மின்னோட்டம் உயரத்திலேயே நிற்கும், நேரம் மட்டும் குறையும். சீர்மைக்கு இது பெரிய உதவி. சிலருக்கு இந்தத் துடிப்பு கண் வலியையும் தலைவலியையும் தருகிறது. அதை அலட்சியப்படுத்தக் கூடாது. உயர் ஒளியில் மின்னோட்டத்தாலும் தாழ் ஒளியில் மட்டும் துடிப்பாலும் குறைக்கும் கலப்பு வழியையே நான் பரிந்துரைப்பேன்.

படி 9: சிமுலேஷனை இருட்டில் ஓட்டுங்கள்

கட்டணமில்லாச் சுற்றுச் சிமுலேஷன் மென்பொருளான என்ஜிஸ்பைஸில் தொடங்கலாம். ஒரே எச்சரிக்கை: லெவல் 1 மாஸ்ஃபெட் மாதிரியை வைத்து ஓட்டாதீர்கள். அதில் த்ரெஷோல்டுக்குக் கீழே மின்னோட்டமே கிடையாது. இருண்ட நிலைகளில் அது காட்டும் அழகான முடிவுகள் எல்லாம் பொய். த்ரெஷோல்டுக்குக் கீழும் ஓடும் மாதிரி வேண்டும். ஆலையிடமிருந்து கிடைத்தால் ஆர்பிஐ பாலிசிலிக்கான் மாதிரி நல்லது.

சாம்பல் நிலைகள் 255, 128, 64, 32, 16, 8. ஒவ்வொன்றிலும் த்ரெஷோல்டை 0.3 வோல்ட் கூட்டியும் குறைத்தும், மொபிலிட்டியை 5 சதவீதம் கூட்டியும் குறைத்தும், மின்வழங்கலை 50 மில்லிவோல்ட் இறக்கியும் ஓட்டுங்கள். அடுக்குக்குறிச் சரிவையும் (மின்னோட்டம் பத்து மடங்கு மாறத் தேவையான வோல்ட்) மாற்றிப் பாருங்கள். அதை இந்தச் சுற்று ஈடுசெய்வதில்லை. 16-ஆம் நிலைப் பிழைகளில் பெரும்பங்கு கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். ஓஎல்இடி மின்னோட்டத்தை ஒரு கணத்தில் அளக்காமல் பிரேம் முழுக்கச் சராசரி எடுங்கள். கசிவும் ஆனோடு நிரம்பும் நேரமும் அப்போதுதான் கணக்கில் வரும்.

தொலைக்காட்சிக்கு வேறு வழி

பெரிய திரையில் பின்தளம் பெரும்பாலும் என்-வகை ஆக்சைடு. டிரான்சிஸ்டர்கள் பக்கத்துக்குப் பக்கம் ஓரளவு ஒத்திருக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓட ஓட த்ரெஷோல்டு நகரும். பிக்சலுக்குள் மூன்று டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி மட்டும் வைத்து, அளக்கும் வேலையை வெளியே கொண்டுபோகிறார்கள். மூன்றாவது டிரான்சிஸ்டர் பிக்சலை ஓர் உணர்கம்பியோடு சேர்க்கும். டிரைவ் டிரான்சிஸ்டர் அந்தக் கம்பியை ஏற்றி நிற்கும் இடம் த்ரெஷோல்டைச் சொல்லும், குறுகிய நேரத்தில் எவ்வளவு ஏற்றியது என்பது மொபிலிட்டியைச் சொல்லும். அளவுகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அடுத்த தரவைத் திருத்தி அனுப்புவார்கள்.

மொபிலிட்டியைப் பிரேம்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வரிசை வரிசையாக அளக்கலாம். த்ரெஷோல்டு நின்று நிதானமாக நிலைபெற வேண்டியது, அதனால் டிவி அணைந்திருக்கும்போதுதான் முடியும். எல்ஜி ஓஎல்இடி டிவிகளில் மொத்தம் 4 மணி நேரம் பார்த்தபின், அணைத்து வைத்திருக்கும்போது இத்தகைய திருத்தம் தானாக ஓடும். நம் வீடுகளில் ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் ஸ்விட்சையும் அணைக்கும் பழக்கம் உண்டு. ஓஎல்இடி டிவிக்கு அதைச் செய்யாதீர்கள், திருத்தம் ஓட மின்சாரம் வேண்டும்.

கைப்பேசிக்கு இந்த வழி ஒத்துவராததற்குக் காரணம் மின்னோட்டத்தின் அளவு. டிவியில் மைக்ரோஆம்பியர் அளவில் அளக்கலாம். இங்கே நானோஆம்பியரின் பின்னங்களை இரைச்சலுக்கு நடுவே தேட வேண்டும், உணர்கம்பிகளுக்கு இடமும் இல்லை.

கடைசித் திருத்தமும் அதற்கு எட்டாதவையும்

எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் முரா மிஞ்சும். ஆலையில் ஒவ்வொரு திரையையும் சில சாம்பல் நிலைகளில் கேமராவால் படமெடுத்து, பிக்சலுக்குப் பிக்சல் திருத்த எண்களை டிரைவர் சிப்பின் பக்கத்து ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதுவார்கள். இதற்கு 'டீமுரா' என்று பெயர். நிலையான பிழைக்கு மட்டுமே இது மருந்து. மோசமான சுற்றை டீமுரா காப்பாற்றும் என்று நம்பி வடிவமைக்காதீர்கள். ஒளியளவு மாறும்போதும் வெப்பம் ஏறும்போதும் பிழையின் வடிவமே மாறிவிடும்.

ஓஎல்இடி பொருளே தேய்ந்து திறன் குறைவதை 7 டிரான்சிஸ்டர் சுற்று அறியாது. அது ஒரே மின்னோட்டத்தைத்தான் காக்கிறது, ஒளியை அல்ல. படம் எரிந்து பதிவதற்கு மென்பொருள்தான் பயன்பாட்டைக் கணக்கு வைத்து ஈடுசெய்ய வேண்டும்.

ஹிஸ்டெரிசிஸ், அதாவது முந்தைய நிலையின் நினைவு டிரான்சிஸ்டரில் தங்குவது, இன்னொன்று. வெள்ளையில் இருந்த டிரான்சிஸ்டரின் இடைமுகப் பொறிகளில் மின்துகள்கள் சிக்கி, த்ரெஷோல்டு சில மில்லிவோல்ட் நகர்ந்து, மெல்ல மெல்லத்தான் திரும்பும். மாதிரியெடுப்பதற்கு முன் கேட்டைத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஒரு வரிசை நேரத்துக்குப் பதில் பல வரிசை நேரம் வைத்திருந்தால், முன்பு கருப்போ வெள்ளையோ எல்லாப் பிக்சலும் ஒரே நிலையிலிருந்து புறப்படும். முதல் மாதிரித் திரை கைக்கு வந்ததும் செய்யவேண்டிய சோதனை இதற்கானதுதான்: கருப்பு-வெள்ளைச் சதுரங்கக் கட்டத்தைப் பத்து நிமிடம் காட்டுங்கள், சட்டென்று 32-ஆம் சாம்பலுக்கு மாற்றுங்கள், கட்டங்களின் நிழல் மறைய எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். பிறகு கேட்டைத் தாழ்த்தி வைத்திருக்கும் தொடக்க நேரத்தை மாற்றி மறுபடி எண்ணுங்கள்.